ஐம்பதில் வளைதல்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்னும் பழமொழியைத் தமிழ்ப் பண்டிதன் ஒருவன் தன் வாழ்நாளில் எத்தனை முறை மாணாக்கருக்கு எடுத்தோதுவான் என்று கணக்கிடல் அரிது. நானும் ஓதினேன். முப்பதாண்டுக்கு மேலாக ஓதினேன். பகலில் நான் நன்னூல் கற்பிக்கும் அதே மண்டபத்தில், என் மாணாக்கர் அமரும் அதே வாங்கில், ஐம்பத்து நான்காம் வயதிலே கொப்பியும் பேனையுமாக அமர்ந்து ஆங்கில எழுத்துக்களைத் தொடங்கிய மாலையிலேதான் அப்பழமொழி எத்துணைக் கொடியது என்பது எனக்கு விளங்கிற்று.

தொடங்கியதன் காரணத்தை மறைப்பதிற் பயனில்லை. சென்ற ஆண்டு என் மனைவியார் சில நாள் வைத்தியசாலையில் இருந்து வீடு திரும்பினார். திரும்பும்போது ஒரு சீட்டைக் கையிலே தந்தனர். முழுவதும் ஆங்கிலம். நச்சினார்க்கினியர் உரையில் இடப்பட்ட முடிச்சுக்களை அவிழ்த்துக் காட்டிப் பெயரெடுத்த எனக்கு அச்சீட்டில் ஒரு வரியேனும் அவிழவில்லை. மருந்துக்கடையில் நின்ற பையன், முன்னொரு காலத்தில் என்னிடம் புணர்ச்சி விதிகளிலே தடுமாறியவன், அதனைப் படித்துப் பொருள் சொன்னான். ஏளனஞ் செய்தானல்லன், மிக்க பணிவோடு சொன்னான். அந்தப் பணிவுதான் என்னைச் சுட்டது.

என் வயதினர் பலருடைய கதை இதுவே. ஆங்கிலம் பாடத்திட்டத்தில் இருந்தது. எங்கள் கிராமப் பாடசாலையில் அதற்கு ஆசிரியர் இருந்த ஆண்டுகளிலும் இல்லாத ஆண்டுகளே அதிகம். பின்பு போர் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மாத்திரம் ஆட்சிமொழியாக்கிற்று. 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழும் ஆட்சிமொழியென்று சேர்த்து, ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. சட்டம் இட்ட பெயர் அது. சிங்கள மாணவர் அதற்கு இட்ட பெயரோ வேறு: 'கடுவ' என்றனர். வாள் என்பது பொருள். திரு கந்தையா என்னும் மொழியறிஞர் 1984இல் இச்சொல்லையே தலைப்பிற்கொண்டு ஒரு கட்டுரை வரைந்தார். இணைக்க வந்ததென்று சட்டஞ் சொல்வதை வெட்ட வந்ததென்று மாணவர் சொல்வராயின், அவர்கள் எங்கேயோ வெட்டுப்பட்டிருக்கிறார்கள் என்றன்றோ கொள்ளல் வேண்டும்! முதியோர் வகுப்புக்கு வருகிறவர் யாவரும் அவ்வாறு எங்கேனும் ஒருமுறை வெட்டுப்பட்டே வருகின்றனர். அதை மறந்து அவருக்குப் பாடஞ் சொல்லப் புகுதல் புண்ணைப் பாராது மருந்து தடவுதலை ஒக்கும்.

எங்கள் கல்லூரி மண்டபத்தில் வாரத்தில் இரண்டு மாலை அவ்வகுப்பு நடைபெற்றது. முதல் நாள் 31 பேர் வந்தோம். மேசன் ஒருவர், சங்கக்கடை முகாமையாளர், ஓட்டோ ஓட்டும் இளைஞர் இருவர், சுருட்டு வியாபாரஞ் செய்யும் முதியவர், வெளிநாடு செல்லக் காத்திருக்கும் பெண்கள் சிலர், மகளும் பேரப்பிள்ளைகளும் ரொறொன்ரோ நகரில் வாழ, வீட்டிலே தனித்திருக்கும் ஒரு பாட்டியார். மூன்றாம் மாத முடிவில் 9 பேர் எஞ்சினோம். ஏனையோர் சொல்லிய காரணங்கள் பல. மழை என்றார் ஒருவர். நேரமில்லை என்றார் மற்றொருவர். கலியாண வீடு, மாட்டுக்குச் சுகமில்லை, கண்ணாடி உடைந்துபோயிற்று என்றெல்லாங் கேட்டோம். இவை யாவும் உண்மையே. ஆயினும் இவற்றுள் ஒன்றும் காரணமன்று.

மேசன் ஒருவர்தாம் உள்ளதை உள்ளவாறு சொன்னார். சந்தியிலே தேநீர்க் கடையில் அவரைக் கண்டு, ஏன் வருவதில்லை என்று வினாவினேன்.

“இருவத்தைஞ்சு வருஷமா வீடு கட்டுறன் ஐயா. பூனைப் படத்தைக் காட்டி, இது பூனை எண்டு சொல்லுங்கோ எண்டால், எனக்குச் சரியான வெக்கமாக் கிடக்கு. பின் வாங்கில பெடியள் வேற இருக்கிறாங்கள்.”

நேயர்களே, ஆசிரியர் தொழிலைப் பற்றிப் பல நூல்கள் கற்றேன். இந்த மூன்று வாக்கியங்கள் தந்த அறிவை அவை எனக்குத் தரவில்லை. அம்மனிதர் நாடோறும் சிமெந்து, கொங்கிறீற், சிலாப், லிண்டல், ரிங்பீம், பிளான் என்று வழங்குகிறார். மேசன் என்னும் அவர் தொழிற்பெயரே ஆங்கிலம். பாடநூலின் முதல் இருபது பக்கத்தில் உள்ளவற்றினும் கடினமான ஆங்கிலச் சொற்கள் அவர் நாவிலே முன்னரே குடியேறியுள்ளன. நாமோ அவற்றை வெளியே நிறுத்திவிட்டு, பூனையை உள்ளே அழைத்தோம். குழந்தைக்கு மொழி புதிது, உலகமும் புதிது. ஆதலின் பூனையைக் காட்டிப் பெயர் சொன்னால் அதற்கு மகிழ்ச்சி. முதியவர்க்கு உலகம் பழையது. மொழி ஒன்றே புதிது. இவ்வேறுபாட்டை உணராத பாடநூல் அவரை ஐந்து வயதுக்குத் துரத்துகின்றது. அவர் வீட்டுக்கு ஓடிவிடுகின்றார்.

வளையாது என்பதுதானும் மெய்யன்று. நெதர்லாந்து நாட்டிலே குடியேறி டச்சு மொழியைக் கற்கத் தொடங்கிய ஆங்கிலம் பேசுவோரை, குழந்தை முதல் வளர்ந்தோர் வரை, ஓராண்டளவு தொடர்ந்து ஆராய்ந்து கத்தரின் ஸ்னோவும் அவர் உடனாராய்ச்சியாளரும் 1978இல் வெளியிட்டனர். பன்னிரண்டு முதல் பதினைந்து வயதினர் முதன்மை பெற்றனர். முதற் சில மாதங்களில் வளர்ந்தோர் சிறு பிள்ளைகளை விஞ்சினர். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளே பின்தங்கினர். இச்செய்தியை எங்கள் ஆசிரியை வகுப்பிற் சொன்னபோது பாட்டியார் நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் கண்டேன். நமக்கோ இதற்கு நெதர்லாந்து வரை போதல் வேண்டுவதில்லை. இத்தாலியில் 1680இல் பிறந்து, முப்பது வயதளவிலே தமிழ்நாட்டில் வந்திறங்கி, 1726இல் தேம்பாவணியும் 1732இல் சதுரகராதியுஞ் செய்த வீரமாமுனிவர் நம் கண்முன் நிற்கிறார். அவரைப் பாடஞ் சொல்லிக்கொண்டே ஐம்பதில் வளையாது என்று நான் கூறிவந்தேனே, அதனை என்னென்பது!

ஆசிரியையைப் பற்றிச் சொல்லல் வேண்டும். இருபத்தாறு வயதுப் பெண். எங்கள் ஒழுங்கையிலே வளர்ந்தவர். வீதியிலே கண்டால் ‘பிள்ளை’ என்பேன். வகுப்பில் முதல்முறை ‘ரீச்சர்’ என்று அழைத்தபோது அவர் முகஞ் சிவந்தது. எனக்கும் நாக் குழறிற்று. ஆட்கள் குறையக் குறைய அவர் மனம் வாடினார். ஒரு மாலை விளக்கணைத்துக் கதவு பூட்டும்போது என்னிடங் கேட்டார்:

“ஐயா, நான் என்ன பிழை விட்டனான்?”

“நீர் ஒரு பிழையும் விடேல்லைப் பிள்ளை. நாங்கள் விடுற பிழையளுக்குத்தான் ஒருதரும் காரணஞ் சொல்லேல்லை” என்றேன்.

என் கருத்து இது. பாட்டியார் ‘புக்’ என்பதைப் ‘புக்கு’ என்பார். ஓட்டோ இளைஞர் சிரிப்பர். சுருட்டு வியாபாரி ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்பார், மறுபடியுஞ் சிரிப்பு. ஆசிரியை திருத்துவார், அவர் மீண்டும் அவ்வாறே சொல்வார், மூன்றாம் முறை வாய் திறவார். இங்கே நடப்பது அறியாமையன்று. தமிழ்ச்சொல் வல்லின மெய்யில் முடிதல் இல்லை. அவ்வாறு வருமிடத்து ஓர் உகரம் வந்து தாங்கும். குற்றியலுகரம் என்று நாம் மாணாக்கரைக் காய்ச்சி வடித்துக் கற்பிக்கின்ற அதுவே பாட்டியாரின் நாவிற் கல்லாமலே வந்து நிற்கின்றது. தமிழ்ச்சொல் ஈர்மெய் சேர்ந்து தொடங்குதலும் இல்லை. ஆதலின் சுருட்டு வியாபாரி முன்னே ஓர் இகரத்தை வைத்து இடர் களைகின்றார். மொழிமுதலில் வல்லினம் வலித்தே ஒலிக்கும். ஆதலின் ‘பஸ்’ என்னுஞ் சொல்லின் முதலெழுத்தை மெல்லென ஒலிக்க முதியோர் நா மறுக்கின்றது. இவர்கள் ஆங்கிலத்தைக் கெடுக்கவில்லை, தமிழிலக்கணத்தைக் காக்கின்றனர்.

மறுநாள் ஆசிரியை சுண்ணக்கட்டியை என் கையில் தந்து, பத்து நிமிடம் இதனைச் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். சற்றுநேரம் மௌனம். பின்பு பாட்டியார் சொன்னார்:

“அப்ப நான் பிழை விடேல்லை. தமிழ்தான் விடுவிக்குது.”

மண்டபமே சிரித்தது. இம்முறை அவரைப் பார்த்துச் சிரிக்கவில்லை, அவரோடு சிரித்தது.

அன்று தொடக்கம் பிழை எங்கள் வகுப்பிலே வேட்டைப்பொருளாயிற்று. ஒருவர் “ரு மீ ஹங்ரி” என்றார். ஏன் அவ்வாறு சொன்னார்? தமிழிலே பசி என்னிடம் வருவது: எனக்குப் பசிக்கிறது. ஆங்கிலத்திலே நானே பசித்தவனாகி நிற்பது. தமிழிலே ‘சந்தைக்கு’ என்று பெயரின் பின்னே ஒட்டிய உருபு, ஆங்கிலத்திலே தனிச்சொல்லாய்ப் பெயரின் முன்னே ஓடி நிற்கின்றது. நாம் இறுதியில் வைக்கும் பயனிலையை அவர்கள் நடுவே வைக்கின்றனர். ‘யூ’ என்னும் ஒரு சொல்லே நீ, நீர், நீங்கள் யாவற்றுக்கும் நின்றதைப் பாட்டியார் ஈறுவரை ஏற்றுக்கொள்ளவில்லை. கற்பிக்கிறவரையும் நாய்க்குட்டியையும் ஒரே சொல்லால் எப்படி அழைப்பது என்று கேட்டு, ‘யூ’ வரவேண்டிய இடமெல்லாம் ‘ரீச்சர்’ என்றே சொல்லி வந்தார். எங்கள் ஆசிரியை அதனைத் திருத்தவில்லை. நல்ல ஆசிரியர்க்கு எதைத் திருத்தாமல் விடுவது என்பதும் தெரிந்திருத்தல் வேண்டும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இலக்கண விளக்கம் நாவைத் திருத்திவிடாது. பாட்டியார் இன்றைக்கும் சிலவேளை ‘புக்கு’ என்றுதான் சொல்கிறார். விளக்கம் செய்த வேலை வேறு: மறுநாளும் அவரை வரச்செய்தது. அவ்வளவே. பண்டிதர்கள் இதனை மறந்து நீட்டி முழக்குதல் கூடாது. ஒருநாள் வேற்றுமை உருபுகளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன், இருவர் உறங்கினர், அவ்விருவருள் ஒருவர் குறட்டையும் விட்டார்.

வெட்கம் மொழியில் மாத்திரம் இருப்பதன்று; தன்மானத்தோடும் பிணைந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவரிடையே ஆங்கில வகுப்பு நடந்த முறையைச் சுரேஷ் கனகராஜா கண்காணித்து, 1993இல் ஒரு கட்டுரையும் 1999இல் ஒரு நூலும் எழுதினார். அமெரிக்கப் பாடநூல் ஒன்று அங்கே பயன்பட்டது. தொடக்கத்தில் ஒழுங்காக வந்த மாணவர் பின்பு குறைந்தனர். அவர் அப்பாடநூல்களைத் திரட்டிப் பார்த்தபோது ஓரங்களிலே மாணவர் தம் கைப்படப் பலவற்றை வரைந்தும் எழுதியும் வைத்திருந்தமை தெரிந்தது: தமிழ்ச் சினிமாப் பாத்திரங்கள், அக்கால அரசியல், தமக்குள் நடந்த கேலி. நூலின் நடுவிலே அமெரிக்க வாழ்க்கை, ஓரத்திலே யாழ்ப்பாணம். அம்மாணவர்க்கு ஆங்கிலம் வேண்டாதது அன்று. பரீட்சைக்கும் தொழிலுக்கும் வேண்டியே இருந்தது. அந்நூல் தம்மை எவராக மாறச் சொன்னதோ, அவராக மாற அவர்கள் இசையவில்லை. பாடநூலின் ஓரங்களை ஆசிரியர் நாள்தோறும் பார்த்தல் நன்று என்று நினைக்கிறேன். மாணாக்கர் தம் விண்ணப்பத்தை அங்கேதான் எழுதிவைக்கின்றனர்.

எங்கள் ஆசிரியை பூனைப் புத்தகத்தை மூடினார். ஒவ்வொருவரும் தத்தமக்கு வேண்டிய ஆங்கிலத்தைக் கையோடு கொண்டுவருக என்றார். சங்கக்கடை முகாமையாளர் பற்றுச்சீட்டுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். பெண்கள் விண்ணப்பப் பத்திரங்களைக் கொண்டுவந்தனர். நான் வைத்தியசாலைச் சீட்டைக் கொண்டுசென்றேன். அதனை மேசையில் வைக்க எனக்கு இரண்டு வாரஞ் சென்றது. ஆசிரியையும் நானும் ஒரு சனிக்கிழமை மேசனை அவர் வேலைத்தலத்திலே கண்டு, ஒரு வீட்டுப் பிளானைக் கொண்டுவந்து எங்களுக்கு விளக்குமாறு கேட்டோம். கற்க அழைத்திருப்பின் வந்திரார். கற்பிக்க அழைத்தமையின் வந்தார். சுருட்டிய தாளை விரித்து, ஒவ்வோரிடமாக விரல் வைத்து, அங்கே பொறித்திருந்த ஆங்கிலச் சொல்லை அவர் தம் பாணியில் உச்சரிக்க, ஆசிரியை அதனைக் கரும்பலகையில் எழுதினார். அன்று நாங்கள் யாவரும் மேசனுடைய மாணாக்கர். அடுத்த வாரம் அவர் முன் வாங்கில் இருந்தார்.

சுருட்டு வியாபாரியை நிறுத்தி வைத்தது ஒரு சொல். ஆங்கில அகராதியிலே சுருட்டைக் குறிக்க வழங்கும் ‘செரூட்’ நம் சுருட்டே என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. அகராதியைக் காட்டவேண்டியதாயிற்று. கட்டுமரமும், கறியும், மிளகுதண்ணியும் அவ்வாறே ஆங்கிலத்துட் புகுந்து குடியிருக்கின்றன. இதற்கு மறுபக்கமும் உண்டு. நாங்கள் அமர்ந்த வாங்கு போர்த்துக்கேயச் சொல், கதிரை, அலுமாரி, சப்பாத்து, காலையில் உண்ணும் பாண் இவையும் அவ்வாறே, கந்தோர் டச்சு, கொப்பி ஆங்கிலம். இவற்றை வழங்கும்போது எவரும் வெட்கப்பட்டாரல்லர். ஆயினும் இத்துறையிலே நம்மவர் சிலர் வரம்பு கடந்து, ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழிலிருந்தே போயின என்று முழங்குவர். அவர் சொல்லும் முதற்சான்று ‘காஷ்’. பழைய சிறு நாணயங்களைக் குறித்த ‘காஷ்’ நம் காசு என்பது மெய். கையிலுள்ள ரொக்கத்தைக் குறிக்கும் ‘காஷ்’ வேறு சொல், பிரெஞ்சு வழி வந்தது. பொய்ப்பெருமை ஒருநாள் உதிரும். அன்று அதை நம்பிய மாணாக்கனும் உடன் உதிர்வான்.

உச்சரிப்பைப் பற்றிய அச்சத்துக்கு ஆசிரியை சொன்ன மருந்து ஜோசப் கொன்ராட். போலந்து இனத்தவர், 1857இற் பிறந்தவர், 1878இல் இங்கிலாந்திலே கப்பலிலிருந்து இறங்கியபோது வயது இருபது, அறிந்த ஆங்கிலம் சில சொற்களே. மாலுமிகளோடு பழகியும் செய்தித்தாள் படித்துங் கற்று, 1886இற் கப்பற்றலைவர்க்குரிய சான்றிதழ் பெற்று, 1895இல் முதல் நாவலை வெளியிட்டார். ஆங்கில உரைநடையின் பெரும் ஆசிரியருள் ஒருவராக மதிக்கப்படும் அவர், சாகுமளவும் போலந்து வாடை மாறாத ஆங்கிலத்தையே பேசினார். “அப்ப எனக்கு இணுவில் வாடை இருந்தாலென்ன?” என்றார் ஓட்டோ இளைஞர். நியாயமான கேள்வி.

வேறொரு சிறு வழியும் உதவிற்று. குழந்தை வளர்வதைத் தாய் காண்பாள், முதியவரின் மொழி வளர்வதைக் காண எவருமில்லை, அவரும் காணார். ஆசிரியை எங்கள் ஒவ்வொருவரையும் ஒரு நிமிடம் பேசச்செய்து தம் கைத்தொலைபேசியிற் பதிந்துவைத்து, நான்கு மாதங் கழித்து அதனைத் தனித்தனியே அழைத்துக் கேட்பித்தார். எல்லோர் முன்னும் கேட்பிக்கவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். என் பழைய குரலைக் கேட்டு நான் தலைகுனிந்தேன். பின்பு மெல்ல நிமிர்ந்தேன்.

விலகிய 22 பேரில் மேசனோடு நால்வர் மீண்டனர். சிலர் கடல் கடந்து போயினர். ஏனையோர் வரவேயில்லை. அவர்கள் வீடுகளுக்கும் போயிருக்கலாம், போகவில்லை. அது எங்கள் குறை.

பாட்டியார் பத்து வாக்கியங்கள் கேட்டார், பத்து மாத்திரம். பேரன் பள்ளிக்கூடத்தில் என்ன செய்தான், என்ன சாப்பிட்டான், அங்கே பனி கொட்டுகிறதா, இவ்வளவே. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவற்றைச் சொன்னார். மறுமுனையில் ஏழு வயதுப் பேரன் வியந்துபோய்க் கடகடவென்று ஆங்கிலத்திற் பொழிந்தான். ஒன்றும் விளங்கவில்லை. பத்து வாக்கியமும் முடிந்துவிட்டன. என்ன செய்வதென்றறியாது, கற்பித்த பத்திலும் இல்லாத பதினோராவது ஒன்றைத் தாமே கட்டிச் சொன்னாராம்: “ஸ்லோ, ராசா, ஸ்லோ.” பையன் நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினான். இதனை எங்களுக்கு வகுப்பில் வந்து சொன்னபோது அவர் கண் கலங்கியிருந்தது. ஆசிரியை அந்த ‘ஸ்லோ’வைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார்.

நானும் எட்டு மாதங் கழித்து வைத்தியசாலைச் சீட்டை எடுத்து, மனைவியாரை அருகிருத்தி, அகராதியோடு படித்தேன். அச்சிட்ட பகுதி முழுவதும் விளங்கிற்று. கீழே வைத்தியர் தம் கையால் எழுதிய இரண்டு வரிகள் எஞ்சின. எழுத்தெழுத்தாகப் பார்த்தும் ஒன்றும் பிடிபடவில்லை. மனமுடைந்து அதனை எங்கள் ஆசிரியையிடங் கொண்டுசென்றேன். அவர் வெளிச்சத்திலே பிடித்துப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார்.

“ஐயா,” என்றார், “இது எனக்கும் விளங்கேல்லை.”

மருந்துக்கடைப் பையனிடமே திரும்பவும் போனோம்.